கழுத்துக் கழலையும் புற்று என்னும் சொல்லும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், வன்னியம்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

கவிதையும் திறனாய்வும் பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு வந்த ஓர் அவையில் தைராய்டுப் புற்றுநோய் பற்றிய மருத்துவ ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்னும் வினா எழுவது இயல்பே. விடை எளிது. மருத்துவ அறிஞர்கள் ஒரு சொல்லைப் பற்றி நெடுநாள் வழக்காடி, இறுதியில் அச்சொல்லை ஒரு நோயின் பெயரிலிருந்து நீக்கிய வரலாறு இவ்வாராய்ச்சியில் உண்டு. நீக்கப்பட்ட சொல் 'புற்று'. ஒரு சொல்லை எடுத்துவிட்டால் ஒரு வரி என்னவாகும் என்பதைப் பாவலர்கள் அறிவர். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் நோயாளியின் கழுத்து என்னவாகும் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். ஹிப்போகிரட்டிசின் பெயரால் வழங்கும் பழைய கிரேக்க நூல்கள் இந்நோயை நண்டு என்று அழைத்தன. கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் இரத்த நாளங்கள் நண்டின் கால்களைப் போலத் தோன்றியமையே காரணம் என்பர். இலத்தீன் அந்த நண்டையே எடுத்துக்கொண்டது. ஆங்கிலமும் அதையே பெற்றது. தமிழ் நண்டை எடுக்கவில்லை, புற்றை எடுத்தது. கன்னப்புற்று முதலான பெயர்கள் சித்த மருத்துவ மரபில் வழங்கி வருகின்றன. தரைக்கு மேலே தெரிவது சிறிது. உள்ளே ஓடும் வளைகள் பல. கறையான் கட்டியதில் பாம்பு குடிபுகும் என்பது மக்கள் நம்பிக்கை. புற்றுக்குப் பால் ஊற்றும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. அச்சமும் வழிபாடும் கலந்து ஊறிய சொல் அது. நண்டைக் கண்டு எவரும் கைகூப்புவதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் ஒருவர் கேட்டு அஞ்சுவதைக் காட்டிலும் தமிழில் கேட்டு அஞ்சுவது ஒரு படி மிகுதி என்று கொள்ள இடமுண்டு.

கழுத்து நோய்க்கு மற்றொரு பழம்பெயர் உண்டு. கழுத்தைச் சுற்றி நெறிக்கட்டிகள் வரிசையாகப் புடைத்து நிற்பதைக் கண்டமாலை என்றனர். கண்டம் என்பதற்குக் கழுத்து என்று பொருள் கொண்டாலும், வீக்கம் என்று பொருள் கொண்டாலும், மாலை மாலைதான். மாலையைத் தான் சூடிப் பார்த்துப் பின் பெருமாளுக்குக் கொடுத்தவளின் ஊர் இங்கிருந்து சிறிது தொலைவிலேயே இருக்கிறது. நோயைக்கூட மாலையென்று அழைத்த மரபின் கண் எத்தகையது என்பதைத் திருவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இனி, முன்கழுத்தில் தனித்துத் திரண்டு நிற்கும் கட்டிக்கு வழங்கிய சொல் கழலை. அதில் அழகும் இல்லை, அச்சமும் இல்லை; வெறும் விவரம் மட்டுமே. கண்டமாலை, கழலை, புற்று என்னும் மூன்று சொற்களும் ஏறத்தாழ ஓரிடத்தையே சுட்டுவன. ஆனால் மூன்றையும் கேட்கும் மனம் ஒன்றன்று.

மேனாட்டு மருத்துவம் தமிழுக்குள் வந்தபோது இத்தகைய சொற்சிக்கல்களை முதலில் எதிர்கொண்டவர்களுள் ஒருவர் சாமுவேல் கிரீன். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் அவர். மானிப்பாயில் இருந்துகொண்டு மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலான பெருநூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அறுவைக் கத்தியைப் பிடிப்பதற்கு நிகரான கவனத்தைச் சொல்லைப் பிடிப்பதிலும் செலுத்திய மனிதர் என்று அவரைச் சொல்லலாம். அம்மரபு தொடர்ந்திருக்குமாயின் இன்றைய மருத்துவமனைச் சீட்டுகள் வேறு மாதிரி இருந்திருக்கும்.

'தைராய்டு' என்ற சொல்லும் கிரேக்கமே. கேடயம் போன்றது என்பது அதன் பொருள். 1656 இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன் சுரப்பிக்கு இப்பெயரைச் சூட்டினார். கலைச்சொல்லாக்க அறிஞர்கள் அதைக் கேடயச் சுரப்பி என்று தமிழாக்கினர். அச்சொல் பாடநூலைத் தாண்டி வெளியே வரவில்லை. மக்கள் வழக்கில் தைராய்டு என்பதே நிலைத்துவிட்டது. அதுவும் ஒரு வேடிக்கையான முறையில். "எனக்குத் தைராய்டு இருக்கு" என்று கவலையோடு சொல்லுவோர் பலர். தைராய்டு இல்லாத மனிதர் பிறவிக் குறையாளர் அல்லது அறுவைக்கு உட்பட்டவர் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லுவதில்லை. உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்ட சொற்கள் தமிழில் அதிகம் இல்லை.

குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலை அணைத்தாற்போல், இருசிறகு விரித்த பட்டாம்பூச்சி வடிவில் அமைந்தது இச்சுரப்பி. எடை ஏறத்தாழ 20 கிராம். உடலின் எரிபொருள் கணக்கை நடத்தும் இயக்குநீரை இது சுரக்கிறது. அந்நீருக்குத் தேவையான மூலப்பொருள் அயோடின். எழுபதாண்டு வாழ்வுக்கும் ஒரு மனிதருக்குத் தேவைப்படும் அயோடினின் மொத்த எடை நான்கு கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும். அந்த ஒரு தேக்கரண்டி கிடைக்காமற் போனதால் இமயமலை அடிவாரத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருங்கழலைகளைச் சுமந்தனர். காங்ரா பள்ளத்தாக்கில் 1956 இல் தொடங்கி, வி. இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் அயோடின் கலந்த உப்பை வழங்கி, கழலை குறைவதை ஆண்டுக்கணக்கில் அளந்து மெய்ப்பித்தனர். 1962 இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. உண்பதற்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்கலாகாது என்ற தடை 1998 இல் நடைமுறைக்கு வந்து, 2000 இல் விலக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் வந்தது. தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து இவ்வட்டாரத்துச் சமையலறைக்கு வரும் பொட்டல உப்பில் அந்த வரலாறு கரைந்திருக்கிறது. உப்பில் அயோடின் சேர்ந்தபின் தைராய்டுப் புற்றின் வகையும் மாறுகிறது. அயோடின் பற்றாத நாடுகளில் நுண்பைப் புற்று எனப்படும் வகை மிகுதி. அயோடின் போதிய அளவு கிடைத்த பின் அது குறைந்து, பாப்பிலரி என்னும் மெல்ல வளரும் வகையே பெரும்பான்மையாகிறது. மருத்துவர்களுக்கு இது ஆறுதல் தரும் மாற்றமே.

இச்சுரப்பியில் கத்தி வைப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தற்கொலைக்கு ஒப்பாகக் கருதப்பட்டது. இரத்தம் மிகுதியாகப் பாயும் உறுப்பு, தொட்டால் பெருகும். அந்நிலையை மாற்றியவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர். 5,000க்கு மேற்பட்ட தைராய்டு அறுவைகளைச் செய்தவர். தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துக்கும் மேலாக இருந்த இறப்பு, அவர் கையிலேயே நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909 இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவருடைய பெருமை அந்த எண்ணில் மட்டும் இல்லை. முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்ட நோயாளிகள் பின்னாளில் எவ்வாறு இருக்கிறார்கள் என்று அவர் திரும்ப அழைத்துப் பார்த்தார். பெரும்பாலோர் முகம் ஊதி, தோல் தடித்து, அறிவு மந்தமாகி, பேச்சுத் தளர்ந்திருந்தனர். தம் வெற்றியே தம் நோயாளிகளைச் சிதைத்திருப்பதை 1883 இல் அவரே வெளிப்படையாக எழுதினார். தீராத தேவை இருந்தாலன்றி முழுச் சுரப்பியை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்தார். தம் பிழையைத் தாமே அச்சிலேற்றிய அந்தத் துணிவு, தைராய்டு ஆராய்ச்சியின் ஊடே ஓடும் ஓர் இழை. பின்னர் வந்த ஆராய்ச்சிகளிலும் அதனைக் காணலாம்.

அறுவையின் மற்றொரு இடர் குரல். குரல்நாண்களை இயக்கும் நரம்பு இச்சுரப்பியின் பின்புறமாக, தொட்டும் தொடாமலும் மேலேறிச் செல்கிறது. அது அறுபட்டால் குரல் கம்மும். இருபுறமும் அறுபட்டால் மூச்சே முட்டும். சுரப்பியின் பின்னால் ஒட்டியிருக்கும் நெல்மணி அளவுள்ள நான்கு துணைச் சுரப்பிகளும் உடன் போய்விட்டால், இரத்தத்தில் சுண்ணச்சத்துக் குறைந்து விரல்கள் மரத்து இழுக்கும். வாழ்நாள் முழுவதும் மாத்திரை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் விசைத்தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள அறுவைக் கூடங்களுக்குப் போகிறது. கழுத்து அறுவைகளில் இரத்தத்தை ஒற்றியெடுக்க அத்துணியும் ஓரிடத்தில் பயன்படும். தறியின் முன் நிற்பவர் அறியாமலே அந்த நரம்புக்கு அருகில் போய் வருகிறார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கத்தி எட்டாத இடத்துக்கு மருந்தை அனுப்பியது அயோடினே. 1936 நவம்பரில் பாஸ்டனில் இயற்பியல் அறிஞர் கார்ல் காம்ப்டன் ஓர் உரை நிகழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்த இளம் மருத்துவர் சால் ஹெர்ட்ஸ் எழுந்து, அயோடினைச் செயற்கையாகக் கதிரியக்கம் கொள்ளச் செய்ய இயலுமா என்று வினவினார். ஓர் உரைக்குப் பின் கேட்கப்பட்ட ஒரு கேள்வி ஒரு மருத்துவத் துறையையே பிறப்பித்த அருமையான நிகழ்ச்சி அது. 1938 இல் கலிபோர்னியாவில் கிளென் சீபோர்க்கும் ஜான் லிவிங்குட்டும் அயோடின்-131 ஐக் கண்டனர். 1941 இல் ஹெர்ட்ஸ் கதிரியக்க அயோடினைத் தைராய்டு மிகைச் சுரப்பு நோயாளிக்குக் கொடுத்தார். 1943 இல் நியூயார்க்கில் சாமுவேல் சீட்லின், எலும்புகளுக்குப் பரவிவிட்ட தைராய்டுப் புற்றாளர் ஒருவருக்கு அதனைக் கொடுத்து, 1946 இல் முடிவுகளை வெளியிட்டார். உடலில் எங்கு பரவியிருந்தாலும் தைராய்டுக் கண்ணறைகள் தம் பழைய பசியை மறப்பதில்லை; அயோடினைக் கண்டால் உண்ணும். உண்டவுடன் உள்ளிருந்தே கதிர் அவற்றை அழிக்கும். சீபோர்க்கின் தாயாருக்கே பின்னாளில் இம்மருந்து கொடுக்கப்பட்டு அவர் ஆயுள் நீண்டது. தம் கண்டுபிடிப்பு தம் தாயைக் காத்த பேறு அறிவியலாளர்களுள் மிகச் சிலருக்கே வாய்த்தது.

அதே அணு மறுமுகமும் காட்டியது. 1986 இல் செர்னோபில் உலை வெடித்தபோது வெளிப்பட்ட அயோடின்-131 புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தைகளின் கழுத்தில் சேர்ந்தது. நான்கே ஆண்டுகளில் பெலாரசில் குழந்தைகளுக்குத் தைராய்டுப் புற்று பெருகத் தொடங்கியது; 1992 இல் அந்நாட்டு மருத்துவர்கள் அதனை உலகுக்கு அறிவித்தபோது முதலில் நம்பாதவர்களும் இருந்தனர். போலந்து மட்டும் உடனடியாக ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடைடு கொடுத்துக் காத்துக்கொண்டது. நல்ல அயோடினால் சுரப்பி நிறைந்திருந்தால் நச்சு அயோடினுக்கு அங்கே இடமில்லை. ஆக, உண்மையான புற்று எது, அது எவ்வளவு விரைவில் தாக்கும் என்பதைச் செர்னோபில் குழந்தைகள் காட்டினர். பின்னர் வரும் செய்திகளைக் கேட்கும்போது இதனை மறத்தலாகாது.

இந்தியாவில் அப்சரா அணு உலை 1956 இல் இயங்கத் தொடங்கியது. 1963 இல் பம்பாயில் கதிரியக்க மருத்துவ மையம் நிறுவப்பெற்றது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் பிற பெரிய மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை பரவியது. சிகிச்சை முறை எளியதாகத் தோன்றும். ஒரு மிடறு நீர்மம் அல்லது ஒரு குளிகை, அவ்வளவே. ஆனால் அதற்கு முன் ஏறத்தாழ இரண்டு வாரம் அயோடின் உப்பையும் கடல் மீனையும் விலக்க வேண்டும். சுரப்பியின் எச்சம் பசியோடு காத்திருக்க வேண்டும் என்பதற்காக. எந்த உப்பைச் சேர்க்கும்படி அரசு அரைநூற்றாண்டாக வலியுறுத்தியதோ அதே உப்பை விலக்கு என்று மருத்துவர் சொல்லும் விந்தையான பதினான்கு நாள்கள். குடித்த பின் நோயாளியே கதிர் வீசுபவராகிறார். அளவு 30 மில்லிகியூரிக்கு மேற்பட்டால் இந்திய விதிகளின்படி தனியறையில் இருத்தல் வேண்டும். உணவு வாயிற்படியில் வைக்கப்படும். கழிவுநீர் தனித்தொட்டியில் தேங்கிக் கதிர் தணிந்த பின்னரே வெளியேறும். வீடு திரும்பிய பின்னும் சில நாள் குழந்தைகளைத் தூக்கக் கூடாது. கருவுற்ற பெண்களின் அருகில் அமரக் கூடாது. எட்டு நாளைக்கு ஒருமுறை கதிர் பாதியாகும் என்று மருத்துவர் விளக்கினாலும், பால்குடி மறவாத பிள்ளையின் தாய் அந்தக் கணக்கில் ஆறுதல் அடைவதில்லை.

இங்கேதான் புதுதில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ஆய்வு சிறப்பிடம் பெறுகிறது. அறுவைக்குப் பின் எஞ்சிய சுரப்பித் திசுவை அழிக்க எவ்வளவு கதிரியக்க அயோடின் வேண்டும் என்பதில் உலக மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 100 மில்லிகியூரி பரவலாக வழங்கிய அளவு. அதற்கு மேலும் கொடுத்தனர். வழக்கம் என்பதைத் தவிர அதற்கு வலுவான சான்று இல்லை. சந்திரசேகர் பாலும் உடன் ஆய்வாளர்களும் 149 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்து, 30 முதல் 155 மில்லிகியூரி வரை நான்கு அளவுகளில் கொடுத்து, 1996 இல் முடிவுகளை வெளியிட்டனர். 50 வரை பயன் கூடியது. அதற்கு மேல் எவ்வளவு கூட்டியும் பயன் கூடவில்லை. அதோடு நிறுத்தாமல், 509 நோயாளிகளை எட்டுக் குழுக்களாக்கி, 15 இலிருந்து 50 வரை ஐந்தைந்தாக உயர்த்திப் பார்த்து, 2004 இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டனர். 25க்குக் கீழே பயன் குறைந்தது. 25 முதல் 50 வரை எந்த அளவும் ஏறத்தாழ ஒன்றே.

25 என்ற அந்த எண்ணின் முழுப்பொருளையும் உணர மேற்சொன்ன 30 என்னும் விதியை அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 25 கொடுத்தால் தனியறை தேவையில்லை. நோயாளி அன்றே வீடு திரும்பலாம். கதிரியக்கத் தனியறைகள் அரிதாக உள்ள நாட்டில், மாதக்கணக்கில் படுக்கைக்குக் காத்திருக்கும் ஏழைக்கு, இது மருந்தின் அளவு பற்றிய செய்தி மட்டும் அன்று. ஐரோப்பா இக்கேள்விக்கு வந்தது பிறகே. 2012 இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் நடந்த இரு பெரிய ஆய்வுகள் ஒரே மருத்துவ இதழில் ஒருசேர வெளிவந்தன. 100 கொடுத்தாலும் 30 கொடுத்தாலும் பயன் ஒன்றே என்றன. உலகம் அவற்றைப் பெரிதும் கொண்டாடியது. தில்லி ஆய்வு அதே திசையைப் பதினாறு ஆண்டுகள் முன்னமே காட்டியதைச் சில நிபுணர்கள் மட்டுமே நினைவுகூர்ந்தனர். 2022 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி சென்றனர். இடர் மிகக் குறைந்த நோயாளிகள் 776 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 கொடுத்தும் மறுபாதிக்கு ஒன்றுமே கொடுக்காமலும் மூன்றாண்டு பார்த்தனர். இரு பாதியினரிடையே வேறுபாடு இல்லை.

மருந்தைக் குறைத்த கதை இது. நோயைக் கண்டுபிடிப்பதைக் குறைத்த கதை இதனினும் வியப்பானது.

முன்பெல்லாம் கழுத்துக் கட்டியை மருத்துவர் விரலால் அறிந்தார். ஒரு மிடறு தண்ணீரைக் குடிக்கச் சொல்லி, விழுங்கும்போது கட்டி மேலேறி இறங்குகிறதா என்று பார்ப்பது இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கப்படும் முதற்பாடம். விரலுக்குத் தட்டுப்படும் கட்டி நூறு பெண்களில் ஏறத்தாழ ஐவருக்கு உண்டு. அவற்றுள் பத்தில் ஒன்பது தீங்கற்றவை. மெல்லிய ஊசியால் சில கண்ணறைகளை உறிஞ்சி உருப்பெருக்கியில் பார்க்கும் சோதனை பரவிய பின், தேவையற்ற அறுவைகள் பெரிதும் குறைந்தன. அதன் பின் மீயொலிக் கருவி வந்தது. விரல் ஒரு செண்டிமீட்டரில் தடுமாறும். கருவி இரண்டு மில்லிமீட்டரையும் காட்டும்.

அந்த இரண்டு மில்லிமீட்டர் எதைக் காட்டியது? 1985 இல் பின்லாந்து நோயியல் அறிஞர்கள் வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய சீவல்களாக்கி ஆராய்ந்தனர். 36 பேரின் சுரப்பியில் நுண்ணிய பாப்பிலரிப் புற்று இருந்தது. அவர்கள் எவரும் அதனால் சாகவில்லை. அது இருந்ததை அறியவுமில்லை. மூவரில் ஒருவருக்கு இருக்கும் ஒன்றை நோய் என்பதா, தலைநரை போன்ற ஓர் இயல்பு என்பதா?

இக்கேள்விக்கு விடை காணாமலே கருவியைக் கையிலெடுத்த நாடு தென் கொரியா. 1999 இல் அந்நாடு வேறு சில புற்றுகளுக்குத் தேசிய அளவில் முன்சோதனையைத் தொடங்கியது. தைராய்டு அப்பட்டியலில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்துக்குக் கழுத்தையும் பார்த்துத் தருவதாக அறிவித்தன. 1993 க்கும் 2011 க்கும் இடையில் தைராய்டுப் புற்று பதினைந்து மடங்காயிற்று. 2011 இல் மட்டும் 40,000 க்கு மேற்பட்டோர்க்கு இப்பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ அனைவரும் கத்திக்குக் கழுத்தை நீட்டினர். நூற்றுக்குப் பதினொருவர் துணைச் சுரப்பிகளை இழந்து மாத்திரைக்கு ஆட்பட்டனர். நூற்றுக்கு இருவர்க்குக் குரல்நாண் செயலிழந்தது. ஆனால் தைராய்டுப் புற்றால் இறப்போர் எண்ணிக்கை மட்டும் இருந்தது இருந்தபடியே இருந்தது. நோய் பெருகி, நோயால் சாவு பெருகவும் இல்லை, குறையவும் இல்லை என்றால், பெருகியது நோய் அன்று, கண்டுபிடிப்பு. 2014 இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே கூடி முன்சோதனையை நிறுத்துமாறு பொதுமக்களை வேண்டினர். ஓராண்டுக்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. கோக்கரின் இழை இங்கு மீண்டும் தென்படுகிறது.

சப்பானியர் முன்னதாகவே அடக்கத்துடன் நடந்தனர். கோபே நகரின் குமா மருத்துவமனையில் அகிரா மியாவுச்சி 1993 இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஒரு செண்டிமீட்டருக்கு உட்பட்ட, பரவாத பாப்பிலரிப் புற்றை அறுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பது என்பதே அது. பத்தாண்டு பார்த்ததில், கட்டி மூன்று மில்லிமீட்டர் வளர்ந்தோர் நூற்றுக்கு எண்மரே. நெறிக்கட்டிக்குப் பரவியது நூற்றுக்கு நால்வரிலும் குறைவு. அவர்களுக்கும் பின்னர் அறுவை செய்தபோது தீங்கு நேரவில்லை. வியப்பு என்னவெனில், முதியவர்களைவிட இளையவர்களிடமே கட்டி சற்று மிகுதியாக வளர்ந்தது. மற்ற புற்றுகளில் கற்ற பாடம் இங்கே தலைகீழாயிற்று.

இந்தியாவுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். 2006 க்கும் 2014 க்கும் இடையில் இந்தியப் பெண்களிடையே தைராய்டுப் புற்றின் பதிவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்ததாகப் புற்றுநோய்ப் பதிவேடுகளைத் தொகுத்தாய்ந்தோர் கண்டனர். இடத்துக்கு இடம் பத்து மடங்கு வரை வேறுபாடு. முதலிடம் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் கழுத்து இந்தப் பக்கம் இருப்பவர்களின் கழுத்தினும் வேறானதன்று. அங்கே கருவி கழுத்தைத் தொடுவது மிகுதி என்பதே ஆய்வாளர்கள் தரும் முதன்மையான விளக்கம். செங்கோட்டைக் கணவாயைக் கடந்து இப்பழக்கம் வருவதற்கு நெடுநாள் ஆகாது.

ஆனால் இதிலிருந்து முன்சோதனையே வீண் என்ற முடிவுக்கு எவரும் பாய்ந்துவிடலாகாது. முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுக்கு இழந்த துயரில் கண்ட கனவு, 1954 இல் அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு உருப்பெற்றது. அங்கு 1955 இல் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021 இல் மறையும் வரை வலியுறுத்தியது தொடக்க நிலையிலேயே கண்டறிதலைத்தான். கருப்பைவாய், வாய், மார்பகம் ஆகியவற்றில் அது உயிர் காக்கும் உண்மை. ஒரே சொல்லால் அழைக்கப்படுவதனாலேயே எல்லாப் புற்றும் ஒன்றாகிவிடாது என்பதே தைராய்டு காட்டும் வேறுபாடு. தைராய்டிலும் எல்லாம் சாது அல்ல. முதியோர்க்கு வரும் உருவழிந்த வகை, சில வாரங்களில் மூச்சுக்குழலை நெரித்து, மாதங்களில் உயிரைக் கொண்டுபோகும். மனிதரைத் தாக்கும் புற்றுகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று அது. குடும்ப வழியில் வரும் மற்றொரு வகைக்கான மரபணு 1993 இல் கண்டறியப்பட்டு, பிறந்த குழந்தைக்கே சோதித்துக் காக்க முடிகிறது. விரைந்து வளரும் கட்டி, கல்லைப் போல் இறுகிய கட்டி, காரணமின்றிக் கம்மிய குரல், கழுத்தில் நெறிக்கட்டு, இளமையில் கழுத்தில் கதிர்ச் சிகிச்சை பெற்றவரின் கட்டி ஆகியவற்றோடு வருபவர் மதுரைக்கோ, 2022 இல் தொடங்கப்பெற்ற விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ நாள் தாழ்த்தாமல் செல்லுதல் வேண்டும். அங்கே புற்று என்ற சொல் தன் முழு எடையுடன் சொல்லப்பட வேண்டிய சொல்லே.

இனிச் சொல் நீங்கிய கதை. மெல்லிய உறைக்குள் அடங்கிய, உறையைத் துளைக்காத ஒருவகைக் கட்டி. அதன் உட்கருக்கள் மட்டும் பாப்பிலரிப் புற்றின் சாயலில் இருந்தன. சாயலைக் கண்டு அதற்கும் புற்று என்றே பெயரிட்டிருந்தனர். பெயர் புற்று என்பதால் முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டது. பெயர் புற்று என்பதால் கதிரியக்க அயோடினும் கொடுக்கப்பட்டது. பெயர் புற்று என்பதால் வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் அஞ்சி அஞ்சிச் சோதனைக்கு வந்தனர். பிட்ஸ்பர்க் நகர நோயியல் அறிஞர் யூரி நிகிஃபோரோவின் முன்முயற்சியில், ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 அறிஞர்கள் கூடினர். உறைக்குள் முற்றிலும் அடங்கிய கட்டியுடையோர் 109 பேரை 10 முதல் 26 ஆண்டு வரை பின்தொடர்ந்து பார்த்திருந்தனர். அனைவரும் உயிருடன் இருந்தனர். எவருக்கும் நோய் திரும்பவில்லை. 2016 இல் அக்கட்டிக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. புற்று என்ற சொல் அதில் இல்லை. உலகெங்கும் ஆண்டுக்கு 45,000 க்கு மேற்பட்டோரை இம்மாற்றம் தொடும் என்று அவர்கள் கணக்கிட்டனர். கட்டியுள்ள பாதியை மட்டும் எடுத்தால் போதும். மறுபாதி கழுத்திலேயே இருக்கும். கத்தி மாறவில்லை, மருந்து மாறவில்லை, கட்டியும் மாறவில்லை. பெயர் மாறியது.

இதில் அவசரப்பட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் மாற்றிய பின் ஒன்றிரண்டு கட்டிகள் பரவியதாகச் செய்தி வரவே, 2018 இல் அதே அறிஞர்கள் வரையறையை இறுக்கினர். ஆசிய நாடுகளில் இவ்வகைக் கட்டி மேலை நாடுகளிலும் குறைவு என்றும் பின்னர் தெரிந்தது.

புதுப்பெயரைத் தமிழாக்கினால், 'பாப்பிலரி போன்ற உட்கருச் சாயல் கொண்ட, ஊடுருவாத, நுண்பைவகைத் தைராய்டுப் புதுவளர்ச்சி' என்று வரும். நோயாளி அஞ்சுவதற்கு முன் மூச்சு வாங்குவார். மருத்துவர்கள் இருபத்து நால்வர் கூடிச் சமைத்த பெயர் அது. பாவலர் ஒருவரும் அக்கூட்டத்தில் இல்லை என்பது தெளிவு. 'கழலை' என்ற சொல் தமிழில் வேலையின்றிக் கிடக்கிறது. 'உறைக்கழலை' என்றோ 'அடங்கு கழலை' என்றோ சொன்னால் பொருளும் சிதையாது, பாம்பும் வராது. இவற்றினும் நல்ல சொல் இவ்வட்டத்தார் ஒருவரிடம் இருக்கக்கூடும்.

அச்சொல் தேவைப்படும் இடம் அகராதியன்று. மதுரைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் ஊசிச் சோதனை அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். திருவில்லிபுத்தூர்ச் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கி, வன்னியம்பட்டி விலக்கில் நிழலுக்கு ஒதுங்கி நின்று, கல்லூரியில் படிக்கும் பேத்தி அதனைப் பிரித்துப் படிக்கிறாள். அருகில் நிற்கும் பாட்டி சேலைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு, "என்ன எழுதியிருக்கு, தாயி?" என்று கேட்கிறாள்.